தலையணை உறைக்குள் ஏரி

என் புருஷன் வெண்டல் நல்லவன். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து தூங்காமல் பிரசங்கம் கேட்பான். ஆனால் மீன் எங்கே பிடித்தாய் என்று கேட்டுவிட்டால் போதும், வாயைத் திறந்தால் பொய். போதகர் கேட்டாலும் பொய்தான். ஒருமுறை அவனுக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்தார்கள். மயக்கம் பாதி தெளிந்து கிடந்தவனிடம், தானும் தூண்டில் போடுகிற ஆளான டாக்டர் குனிந்து, "வெண்டல், அந்தக் கிராப்பி மீனெல்லாம் எங்கேய்யா பிடிக்கிறே?" என்று கேட்டிருக்கிறார். "பாலத்துக்கு மேற்கே" என்றானாம், நாக்குக் குழற. அதுவும் பொய்.

கேட்லெட் ஏரிக்கரையில் பிறந்தவர்களுக்கு இது ஒன்றும் ஆச்சரியமில்லை. இங்கே மனிதர்கள் மூன்று வகை. பாஸ் மீன் பிடிக்கிறவர்கள், கிராப்பி பிடிக்கிறவர்கள், கெளுத்தி பிடிக்கிறவர்கள். பாஸ்காரர்கள் மினுமினுவென்று ஒரு படகு வாங்கி, சட்டை முழுக்க விளம்பரம் தைத்துக்கொண்டு, ஏரியைக் கிழித்துக்கொண்டு போய், பிடித்த மீனை எடை போட்டு, போட்டோ எடுத்து, முத்தம் கொடுத்துத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். என் தம்பி ராய்ஸ் அந்த வகை. கிராப்பிக்காரர்கள் தகரப் படகில் அசையாமல் உட்கார்ந்து, உள்ளங்கை அகல மீனை ஒவ்வொன்றாகத் தூக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, சோளமாவில் புரட்டி வறுத்துத் தின்பார்கள். வெண்டல் அந்த வகை. நான் கெளுத்தி. காலிப் பால் குடுவைகளில் தூண்டிலைக் கட்டி மிதக்கவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். துணி துவைத்து, சமையலை முடித்து, சாயங்காலம் போய் எந்தக் குடுவை முங்கி முங்கி எழுகிறது என்று பார்த்து இழுத்துக்கொண்டு வருவேன். வேலையுள்ள பெண்ணுக்கு ஏற்ற மீன் கெளுத்திதான்.

கிராப்பிக்கு ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். வெறும் சேற்றில் அது நிற்காது. தண்ணீருக்கடியில் கிளையும் கொம்பும் கிடந்தால் அங்கே கூட்டம் கூட்டமாக வந்து சேரும். அதனால் கிறிஸ்துமஸ் முடிந்ததும் எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு வெறி பிடிக்கும். தெருவோரம் வீசிய கிறிஸ்துமஸ் மரங்களைப் பொறுக்கி, அடியில் சிமெண்ட் கல்லைக் கம்பியால் கட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துத் தங்கள் ரகசிய இடத்தில் கொண்டுபோய் முக்குவார்கள். அந்த இடத்தைப் பெண்டாட்டியிடமும் சொல்ல மாட்டார்கள். தூண்டில் புழு விற்கிற டோயலின் அப்பா சாகும்போது நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார், மாட்டைப் பிரித்துக் கொடுத்தார், இடத்தை மட்டும் சொல்லாமல் கண்ணை மூடிவிட்டார். பிள்ளைகள் இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை.

போன வருஷம் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. தேவாலயத்தில் அன்று சாயங்காலம் விருந்து. கெளுத்தி வறுவல் என் பொறுப்பு. மதியம் பின்வாசலில் மேஜை போட்டு, என் தொடை நீளத்துக்கு இருந்த ஒரு நீலக் கெளுத்தியைத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். கெளுத்திக்குச் செதில் கிடையாது, தோலைக் குறடால் பிடித்து இழுத்துத்தான் உரிக்க வேண்டும். கை வழவழவென்று ஆகிவிடும். அதனால் எப்போதும் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கதவோரத்து ஆணியில் மாட்டுவேன். அன்றைக்கு அந்த ஆணியில் வெண்டலின் ஈரத் தொப்பி தொங்கியது. பக்கத்திலேயே, காலையில்தான் அலங்காரத்தை எல்லாம் கழற்றி வெளியே சாய்த்து வைத்திருந்த கிறிஸ்துமஸ் மரம். நல்ல சீடார் மரம், கிளை வெட்டிய இடத்தில் ஆணி மாதிரியே ஒரு முளை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் மோதிரத்தை மாட்டினேன்.

உள்ளே போன் அடித்தது. போதகரின் மனைவி. முட்டைக்கோஸ் சாலட்டை யார் கொண்டுவருவது என்பதைப் பற்றி ஒரு பெண்மணி எவ்வளவு நேரம் பேச முடியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்தபோது மரத்தைக் காணோம். சனியன் ஒழிந்தது, இடம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு மீதித் தோலையும் உரித்தேன். கையைக் கழுவிவிட்டு மோதிரத்துக்காகக் கையை நீட்டியபோதுதான் எனக்கு உறைத்தது.

அது மெல்லிய மோதிரம். ஊரில் பாதிப் பெண்கள் அதைவிடக் கனமானதைப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அதை வாங்க வெண்டல் தன் முதல் படகை விற்றான். அந்த வசந்தகாலம் முழுக்கக் கரையில் நின்றே தூண்டில் போட்டான். மற்றவர்கள் படகில் அவனைக் கடந்து போகும்போது கை தட்டிச் சிரித்தார்கள். நான் அப்போது அவனைப் பார்த்துதான், இவனோடு வாழ்ந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த மோதிரம் போனது எனக்குத் தாங்கவே இல்லை.

அவன் திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"மரத்தை எங்க போட்டே?"

"எந்த மரம்?"

"நம்ம வீட்டு மரம், வெண்டல்."

"ஏரியில."

"ஏரி பதினாலாயிரம் ஏக்கர்."

"ஆமா," என்றான் பெருமையாக, "பெரிய ஏரி."

"அந்த மரத்துல என் கல்யாண மோதிரம் தொங்குது."

அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே வடிந்தது. படியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மரத்துல எதுக்கு மாட்டினே?" என்றான்.

"ஆணில எதுக்குத் தொப்பிய மாட்டினே?"

"தொப்பி ஈரமா இருந்துச்சு."

"என் கையும் ஈரமாத்தான் இருந்துச்சு! இப்ப சொல்லு, எங்க போட்டே?"

அவன் வாயைத் திறந்தான். சொல்லிவிட வேண்டும் என்று உண்மையிலேயே போராடினான், அவன் கழுத்து நரம்பு புடைத்தது. அப்புறம் வந்தது வார்த்தை. "பாலத்துக்கு மேற்கே."

"வெண்டல்!"

"அது தானா வருது ஓப்பல், நான் என்ன செய்யட்டும்?"

"உனக்கு என் மோதிரம் பெருசா, மீன் பெருசா?"

"அப்படி எதிரெதிரா வெச்சுக் கேக்காதே."

"வேற எப்படி வெச்சுக் கேக்கணும்?"

"நாளைக்கு நானே போய் எடுத்துட்டு வந்துடறேன்னு சொல்றேன்ல."

அன்று விருந்தில் இடதுகையைத் தட்டுக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு பரிமாறினேன். கெளுத்தி பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள். போதகரின் மனைவி மட்டும் என் விரலைப் பார்த்தாள், பிறகு வெண்டலைப் பார்த்தாள், பிறகு எங்கள் இருவருக்காகவும் கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் செய்தாள். எனக்கு வந்த கோபத்தில் மீதி வறுவலை அவளுக்குக் கட்டிக்கொடுக்காமல் வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெண்டல் தேவாலயத்துக்கு வரவில்லை. நான் திரும்பி வந்தபோது அடுப்பங்கரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"தண்ணில விழுந்துட்டியா?"

"குளிச்சேன்."

"பூட்ஸோடயா?"

சூடாகக் காபி கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கயிற்றில் கட்டிய கொக்கியை இறக்கி மரத்தைப் பிடித்துவிட்டானாம். தூக்கும்போது படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, படகு மேலேயும் அவன் கீழேயும் ஆகிவிட்டதாம்.

"இன்னொரு ஆள் வேணும்," என்றான். "எதிர்ப்பக்கம் கனமா உக்கார."

"அப்ப டோயலைக் கூப்பிடு."

"டோயல்கிட்ட சொன்னா ரேடியோல சொன்ன மாதிரி."

"ராய்ஸ் ராத்திரி ஊர்லேருந்து வந்துடுவான், அவனைக் கூப்பிடு. பெரிய படகு வெச்சிருக்கான், துறையோரத்துக் கொட்டகையில கனம் தூக்கற விஞ்ச் வேற இருக்கு."

"ராய்ஸ் வேணாம்!" காபி போர்வையில் கொட்டியது. "யாரை வேணா கூப்பிடு, ராய்ஸ் மட்டும் வேணவே வேணாம்."

எனக்கு அது புதிதாகப் படவில்லை. நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் ராய்ஸ் எல்லார் முன்னாலும், "கிராப்பியெல்லாம் ஒரு மீனா மச்சான்? அது டயப்பர் கட்டின குழந்தைங்க பிடிக்கிறது" என்று சொல்லியிருந்தான். அந்தக் காயம் ஆறவில்லை என்றுதான் நினைத்தேன்.

"சரி, நான் வரேன்," என்றேன்.

வெண்டல் என்னை வெகுநேரம் பார்த்தான். "நீ கனமாத்தான்..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆடாம அசையாம உக்காருவே" என்று முடித்தான். அப்புறம் தரையைப் பார்த்தபடி, மிகவும் மரியாதையாகக் கேட்டான்.

"கண்ணைக் கட்டிக்கிறியா?"

வாணலி என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. எத்தனையோ வருஷம் ஒரே கட்டிலில் படுத்து, ஒரே தட்டில் சோள ரொட்டியைப் பிய்த்துத் தின்று, அவன் அம்மாவை நானே குளிப்பாட்டிப் பார்த்துக்கொண்ட பிறகு, என் கண்ணைக் கட்டவேண்டும் என்கிறான். ஆனால் எனக்கு மோதிரம் வேண்டும். அலமாரியைத் திறந்து, நீலப் பூப்போட்ட தலையணை உறை ஒன்றை எடுத்து, "இது போதுமா, இல்ல கையையும் கட்டணுமா?" என்றேன்.

"கை வேணாம்," என்றான். "கொக்கிய பிடிக்கணும்."

திங்கட்கிழமை காலை, பனி விலகுவதற்கு முன்னால் கிளம்பினோம். படகில் ஏறியதும் உறையைத் தலையில் மாட்டிவிட்டான். உள்ளே சோப்பு வாசனை. சும்மா போயிருந்தால் சீக்கிரமே போயிருப்போம். என்னைக் குழப்ப வேண்டும் என்று ஏரியில் வட்டம் போட ஆரம்பித்தான். நான் இந்த ஏரியில் பிறந்தவள். மூக்கும் காதும் இருக்கிறதே. பெட்ரோலும் தூண்டில் மீன் தொட்டியும் கலந்த நாற்றம் வந்தால் டோயல் கடை. இடது கன்னத்தில் குளிர்காற்று அறைந்தால் அணைக்கட்டு. மறுபடியும் அதே நாற்றம் வந்தது.

"டோயல் கடைய ரெண்டாந்தடவை தாண்டறோம்," என்றேன்.

"இது வேற கடை."

"ஏரில இருக்கறதே ஒரு கடை."

"பேசாம வா. மீன் பயந்துக்கும்."

இன்னொரு வட்டம் போட்டான். பெட்ரோல்தான் தீர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடுப்பால் மெதுவாகத் தள்ளினான். எங்கேயோ மிக அருகில் கரண்டிகள் காற்றில் ஒன்றோடொன்று மோதிச் சலசலத்தன. பழைய கரண்டிகளைக் கோத்து அந்த மணித்தோரணத்தைச் செய்து என் தம்பியின் பிறந்தநாளுக்குக் கொடுத்தவளே நான்தான். அப்புறம் ஒரு நாய் குரைத்தது. குரைப்பு பாதி, இருமல் பாதி. இந்த மாவட்டத்திலேயே அப்படிக் குரைக்கிற நாய் ஒன்றுதான், ராய்ஸ் வீட்டுக் கிழட்டு வேட்டைநாய் ஜெனரல்.

"வெண்டல்."

"என்ன?"

"அது ஜெனரல் தானே?"

துடுப்பு நின்றது. "எல்லா நாயும் அப்படித்தான் குரைக்கும்," என்றான் கடைசியில். குரலில் உயிரில்லை.

உறைக்குள் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் தம்பி ஒவ்வொரு வாரமும் விடிவதற்கு முன் எழுந்து, தன் படகுத்துறையிலிருந்து சீறிக் கிளம்பி, ஏரியின் மறுகோடிக்குப் போய், மீன் காட்டுகிற திரையை முறைத்துப் பார்த்துவிட்டு, பாதி நாள் வெறுங்கையோடு வருவான். அவன் துறைக்கு நேர் முன்னால், அவன் காபி குடித்துக்கொண்டே எட்டிப் பார்க்கிற தண்ணீருக்கடியில், வெண்டல் மரம் போட்டு மீன் வளர்த்திருக்கிறான்.

"எப்பப் போடுவே?"

"நாஷ்வில்லுல படகுக் கண்காட்சி வரும்ல. அந்த சனி ஞாயிறு அவன் ஊர்ல இருக்க மாட்டான்." சொல்லும்போதே குரலில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. "துறைய விட்டு வெளிய போன அப்புறம்தான் திரையப் போடுவான். ஒரு தடவைகூட இங்க போட்டதில்ல, ஓப்பல். பல வருஷமா பாத்துட்டிருக்கேன்."

கொக்கியை இறக்கினான். எதிலோ மாட்டியது. நான் எதிர்ப்பக்கம் கனமாக உட்கார்ந்தேன். இழுத்தான், நானும் எட்டிப் பிடித்து இழுத்தேன். படகுதான் தண்ணீரை நோக்கிப் போனது, மரம் வரவில்லை.

"ஏன் வரல?"

"மத்த மரத்தோட சிக்கியிருக்கும்."

"எத்தனை மரம் இருக்கு கீழ?"

"கொஞ்சம்."

"வெண்டல்."

"காடு," என்றான்.

அப்போதுதான் மரப்பலகை மேல் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு என் தம்பியின் குரல்.

"அக்கா?"

நான் அசையவில்லை.

"மச்சான், எங்கக்கா தலையில எதுக்குப் பை?"

"குட் மார்னிங் ராய்ஸ்," என்றான் வெண்டல். "கண்காட்சி எப்படி இருந்துச்சு?"

"அக்கா தலையில எதுக்குப் பைன்னு கேட்டேன்."

"அவளுக்குத் தலைவலி. வெளிச்சம் ஒத்துக்கல."

"வெளிச்சம் ஒத்துக்கலன்னா வீட்ல படுக்க வைக்காம எதுக்கு ஏரி நடுவுல கொண்டாந்து உக்கார வெச்சிருக்கே?"

"நல்ல காத்து இருக்கட்டுமேன்னு."

"ஜனவரில!" பலகை அதிர்ந்தது. ராய்ஸ் துறையின் நுனிக்கே வந்துவிட்டான். "அக்கா, பயப்படாதே. நான் இருக்கேன். இந்தாளு உன்னை மிரட்டறான்னா ரெண்டு தடவை இருமு."

ஜெனரல் இரண்டு தடவை இருமியது.

"ஷெரீஃபுக்குப் போன் போடறேன்!"

"அது நாய்டா!" என்று கத்தினான் வெண்டல்.

இந்த இடத்தில் நான் உறையைக் கழற்றி எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும், ராய்ஸ் விஞ்சை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான், மோதிரம் கிடைத்துவிடும். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்லிக் கிடைத்தால் அது ஒரு மோதிரம், அவ்வளவுதான். அவன் சொல்லிக் கிடைத்தால் அது படகை விற்று வாங்கின மோதிரம். எனக்கு அந்த இரண்டாவதுதான் வேண்டும். குளிரில் கை விறைக்க, நீலப் பூவுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் சொல்லாமல் போய்விடுவானோ என்று பயமாகவும் இருந்தது.

கரண்டிகள் சலசலத்தன. தண்ணீர் படகைத் தட்டிக்கொண்டே இருந்தது. வெண்டல் மூச்சை இழுத்து விட்டான்.

"ராய்ஸ். உன் விஞ்ச் வேணும்."

"எதுக்கு?"

"உன் துறைக்கு நேரா, இதோ இந்தப் படகுக்கு அடியில, நான் பல வருஷமா மரம் போட்டு வெச்சிருக்கேன். நான் பிடிச்ச கிராப்பி அத்தனையும் இங்கதான் பிடிச்சேன். பாலத்துக்கு மேற்கே என் வாழ்நாள்ல ஒரு மீன் பிடிச்சதில்ல." நிறுத்தினான். "அந்த மரத்துல ஓப்பலோட மோதிரம் மாட்டிக்கிடக்கு. எனக்கு அது வேணும்."

நான் உறையைக் கழற்றினேன். பல்லைப் பிடுங்கிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தவன் மாதிரி இருந்தான் வெண்டல். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. படகு கவிழும் என்பதால் விட்டுவிட்டேன்.

ராய்ஸ் குளியல் அங்கியில், கையில் காபிக் கோப்பையோடு நின்றான். வாய் திறந்திருந்தது. தண்ணீரைப் பார்த்தான், வெண்டலைப் பார்த்தான், மறுபடி தண்ணீரைப் பார்த்தான்.

"இங்கயா?"

"இங்கதான்."

"நான் இங்க பல்லு விளக்கித் துப்புவேன்."

"தெரியும். பாத்திருக்கேன்."

"மரம் இருந்தா..." ராய்ஸ் எச்சில் விழுங்கினான். "மரம் இருந்தா அதுல பாஸும் நிக்குமே?"

"நிக்கும்," என்றான் வெண்டல் சலிப்போடு. "பெருசு பெருசா. ஒரே தொல்லை. கிராப்பிக்குப் போட்ட தூண்டில்ல வந்து மாட்டும், பிடுங்கிப் பிடுங்கித் தண்ணிலயே எறிஞ்சு எனக்குத் தோள்பட்டை விட்டுப் போச்சு."

என் தம்பி அழுது நான் பார்த்தது அப்பா இறந்தபோது ஒருமுறை. அன்று காலை இரண்டாவது முறை பார்த்திருப்பேன், நல்லவேளை, அவன் விஞ்சைக் கொண்டுவர உள்ளே ஓடிவிட்டான்.

கொக்கியை இரும்புக் கயிற்றில் மாட்டி, கொட்டகை உத்தரத்திலிருந்து இழுத்தார்கள். முதலில் எலும்புக்கூடாய் ஒரு மரம் வந்தது, ஊசியிலை எல்லாம் உதிர்ந்து, சேறு வழிய. அடுத்ததில் இன்னும் ஒரு ஜரிகைச் சரம் மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ராய்ஸ், "இது என் மரம்! இந்தச் சரம் நான் வாங்கினது!" என்றான்.

"ரோட்டுல தூக்கிப் போட்டே, நான் உங்கிட்டயே திருப்பிக் கொடுத்திட்டேன்," என்றான் வெண்டல்.

அப்புறம் வந்தது எங்கள் சீடார். இன்னும் பச்சையாகவே இருந்தது. அதன் நுனி தண்ணீருக்கு மேல் வந்ததும் வெண்டல் கத்த ஆரம்பித்தான். "மெதுவா! நேரா! சாஞ்சா நழுவிடும்! நீ பாஸ் இழுக்கிற மாதிரி இழுக்காதே!" படகின் விளிம்பில் வயிற்றை அழுத்திப் படுத்துக்கொண்டான். தூண்டில் மீன் அள்ளுகிற சின்ன வலையை ஒரு கையில் பிடித்து, தோள்வரை அந்தப் பனித்தண்ணீரில் விட்டான். நான் அவன் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். மரம் சுழன்றது. முளை இருந்த பக்கம் அந்தப்புறம் போனது. மறுபடி திரும்பியபோது பார்த்தேன். சேறு அப்பி, மங்கலாய், அது அங்கேயே தொங்கியது.

வெண்டல் வலையை அடியில் கொண்டுபோனான். கயிறு ஒரு குலுக்குக் குலுக்கியது. மோதிரம் முளையிலிருந்து கழன்று, கிளையில் ஒருமுறை பட்டுத் தெறித்து, வலைக்குள் விழுந்தது.

ஜெனரல் இருமியது.

அவன் அதைச் சட்டையில் துடைத்து என் விரலில் போட்டான். கணுவைத் தாண்டாமல் நின்றது.

"இறுக்கமா இருக்கே," என்றான்.

"உன் கிராப்பியத் தின்னு வந்த சதைதான்."

அழுத்தித் தள்ளி மாட்டிவிட்டான்.

அதோடு வெண்டலின் மானம் கப்பலேறிவிடும் என்று பயந்தோம். ராய்ஸின் வாய் சும்மா இருக்கிற வாயில்லை. மார்ச் மாதம் தண்ணீர் சூடானதும் அவன் பளபளப்புப் படகைக் கொட்டகையிலேயே போட்டுவிட்டு, குளியல் அங்கியோடு துறையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். நாங்கள் அன்று கலைத்தது போக மிச்சமிருந்த காட்டிலிருந்து பாஸாகவும் கிராப்பியாகவும் அள்ளினான். கிராப்பியை வறுத்துத் தின்ன ஆரம்பித்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் டோயல் கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு, "இவ்வளவும் எங்கப்பா பிடிச்சே?" என்று கேட்டார்கள். வெண்டல் புழு வாங்குகிற சாக்கில் அங்கேதான் நின்றான், முகம் வெளுத்து.

ராய்ஸ் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "பாலத்துக்கு மேற்கே," என்றான்.

வெண்டல் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கத்தினான். "என் இடத்தை எடுத்துக்கிட்டான், சரி. என் மீனை எடுத்துக்கிட்டான், சரி. என் பொய்யையும் எடுத்துக்கிட்டானே ஓப்பல்! அது நான் கண்டுபிடிச்ச பொய்!" அன்று ராத்திரி அவன் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. கேட்டவனெல்லாம் பாலத்துக்கு மேற்கே போய்க் குளிரில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தது தனிக் கதை.

அந்த வருஷம் முழுக்க அவன் வேறு இடம் தேடினான். கேட்டால் மழுப்புவான். நான் கேட்பதையும் விட்டுவிட்டேன்.

இந்த ஜனவரியில் மரத்தை வண்டியில் ஏற்றிவிட்டு, பின்வாசலில் வந்து நின்று, தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே, "வர்றியா?" என்றான். அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் ஏப்ரனை அவிழ்த்துவிட்டு, அலமாரியிலிருந்து நீலப் பூப்போட்ட உறையை எடுத்துக்கொண்டேன்.

"அது எதுக்கு?" அவன் முகம் சுருங்கிவிட்டது. "வேணாம். நீ பாத்துக்க. நான்தான் கூப்பிடறேன்ல."

"ராய்ஸ் கேப்பான். எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு உனக்கே தெரியும். பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லிட்டுப் போயிடலாம்."

படகில் ஏறியதும் நானே உறையை மாட்டிக்கொண்டேன். இந்த முறை வட்டம் போடவில்லை, நேராகப் போனான். மோட்டார் நின்றது. கல் கட்டிய மரத்தை அவன் விளிம்புக்கு நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் நின்றது.

"ஓப்பல். கை."

இடதுகையை நீட்டினேன். அவன் விரல் என் மோதிரத்தைத் தொட்டு, இருக்கிறதா என்று ஒரு திருகு திருகிப் பார்த்தது. அப்புறம்தான் மரத்தைத் தள்ளினான். தண்ணீர் என் மடியில் தெறித்தது. குமிழிகள் மேலே வந்து உடைகிற சத்தம் அடங்கியது. அப்போது காற்று திரும்பியது. ஒரு வாசனை வந்தது, கூடவே ஒரு சத்தமும் வந்தது. எங்கே இருக்கிறோம் என்பது எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. என்ன வாசனை, என்ன சத்தம் என்று உங்களிடம் சொல்வதாக இல்லை.

"எங்க இருக்கோம்னு தெரிஞ்சுதா?" என்றான் வெண்டல். பயந்துகொண்டேதான் கேட்டான்.

"தெரிஞ்சுது," என்றேன். "பாலத்துக்கு மேற்கே."